கவுன்ட்டி மகளிர் கெய்லிக் கால்பந்துக் கழக வாகை: சொல் விளக்கம்

அயர்லாந்தின் பழைய நிலப்பிரிவான கவுன்ட்டி ஒவ்வொன்றிலும் ஊர்க் கழகங்களின் மகளிர் அணிகள் ஆண்டுதோறும் கெய்லிக் கால்பந்து ஆட்டத்தில் தம்முள் பொருது, அவ்வாண்டின் முதன்மைக் கழகம் எது என்று முடிவுசெய்யும் தொடருக்குக் ‘கவுன்ட்டி சாம்பியன்ஷிப்’ என்று பெயர். அதில் வென்ற கழகம் மன்ஸ்டர், லென்ஸ்டர், அல்ஸ்டர், கோனாக்ட் என்னும் நான்கு மாகாணங்களில் தனக்குரியதன் தொடருக்கும், அங்கும் வென்றால் அகில அயர்லாந்துத் தொடருக்கும் செல்கிறது. இந்தப் பெயரைத் தமிழில் எழுதப் புகுந்தால் ஏறத்தாழ ஒவ்வொரு சொல்லும் நம்மை நிறுத்திவிடுகிறது.

முதலில் எழுத்துப்பெயர்ப்பு. ஆங்கிலத்தில் Gaelic football எனப்படும் ஆட்டத்தைக் ‘கேலிக் கால்பந்து’ என்று எழுதினால், தமிழ்ப் புணர்ச்சி விதிப்படி ‘கேலி’ என்னும் சொல்லோடு ஒற்று மிகுந்து வந்ததாகவே படிப்பவர் கொள்வார். ஒரு மக்களின் மரபு விளையாட்டு ஏளனப் பொருள் பெற்றுவிடும். ஆகவே ‘கெய்லிக்’ என்று எழுதுவதே முறை. ஆங்கில ஒலிப்புக்கும் அதுவே நெருக்கமானது. கெய்லிக் என்பது அயர்லாந்தின் பழங்குடியினரான கெய்ல் மக்களைச் சார்ந்தது என்று பொருள்படும். பதினைந்து பேர் கொண்ட அணிகள் கையாலும் காலாலும் ஆடும் இந்த ஆட்டத்தில், குறுக்குக் கம்பத்துக்குக் கீழே வலைக்குள் செல்லும் பந்து ஒரு கோல். அக்கம்பத்துக்கு மேலே இரு தூண்களுக்கும் இடையே செல்வது பொதுவாக ஒரு புள்ளி. ஒரு கோலுக்கு மூன்று புள்ளிகள். எனவே இரண்டு கோலும் எட்டுப் புள்ளியுமான 2-8 என்பது பதினான்கு, 1-12 என்பது பதினைந்து. கோல் குறைந்த அணியே அங்கு வென்றிருக்கிறது. ஆடவர் ஆட்டத்தில் தரையில் கிடக்கும் பந்தைக் காலால் எழுப்பித்தான் கையில் எடுக்க வேண்டும். மகளிர் நேராகக் குனிந்து எடுக்கலாம்.

‘கவுன்ட்டி’யின் வேர் இலத்தீனில் துணைவனைக் குறித்த ‘கோமெஸ்’ என்னும் சொல். அரசனின் துணைவன் பிரபுவானான். அவன் ஆளும் பகுதி பிரெஞ்சு வழியாக இப்பெயர் பெற்றது. நார்மானியர் பன்னிரண்டாம் நூற்றாண்டில் அயர்லாந்துக்குள் வந்தபின் இம்முறை பரவத் தொடங்கியது. 32 கவுன்ட்டிகளில் கடைசியாக அமைந்த விக்லோ 1606-இல்தான் உருவாயிற்று. இதை ‘மாவட்டம்’ என்று பெயர்ப்பது எளிது, ஆனால் பொருந்தாது. மாவட்டம் என்றால் நமக்கு ஆட்சியர் அலுவலகம் நினைவுக்கு வரும். வட அயர்லாந்தின் ஆறு கவுன்ட்டிகளோ 1973 முதல் உள்ளாட்சி அலகுகளே அல்ல. டப்ளின் கவுன்ட்டி மன்றம் 1994-இல் மூன்றாகப் பிரிக்கப்பட்டது. ஆயினும் டைரோனும் அர்மாவும் டப்ளினும் ஆடுகளத்தில் முன்போலவே நிற்கின்றன. நிர்வாகம் கைவிட்ட எல்லையை விளையாட்டு காத்துவருகிறது. சோழர் காலத்து ‘நாடு’ என்னும் சொல், ஊர்கள் சேர்ந்த பகுதியையும் அதன் மக்களின் பற்றையும் சேர்த்துக் குறித்தமையால் மிக நெருங்கி வருகிறது. இன்று அது தேசத்தைக் குறிப்பதால் பயன்படுத்த இயலவில்லை.

‘சாம்பியன்’ என்பதும் இலத்தீன் வழிச் சொல்லே. திறந்தவெளியைக் குறித்த ‘காம்பஸ்’ என்பதிலிருந்து, களத்தில் இறங்கிப் பொருபவன் என்னும் பொருளில் அது பிறந்தது. ஆனால் அயர்லாந்தின் சொந்த மொழியான ஐரிய மொழி, தொடரின் பெயரில் அச்சொல்லை ஏற்கவில்லை. கவுன்ட்டியைக் ‘கொன்ட்டே’ என்று கடன்வாங்கிக்கொண்ட அம்மொழி, சாம்பியன்ஷிப்புக்கு ‘க்ரீவ்’ என்னும் தன் சொல்லையே வைத்திருக்கிறது. க்ரீவ் என்றால் மரக்கிளை. வென்றவருக்குரிய கிளை, வெற்றிக்கே பெயராயிற்று. இதைப் படித்தவுடன் தமிழருக்கு ‘வாகை’ நினைவுக்கு வராமல் இருக்காது. மயிலின் உச்சிக்கொண்டை போல மெல்லிய இழைகளாக விரியும் வாகைப்பூவை வென்றோர் சூடினர். மரத்தின் பெயர் வெற்றியின் பெயராயிற்று. வாகை போர் வெற்றிக்கு மட்டும் உரியது என்று சிலர் தயங்கலாம். தொல்காப்பியம் வாகைத்திணையில் அவரவர் தத்தம் துறையில் மேம்பட்டு நிற்பதையே கூறுகிறது. பந்தாட்டத்தின் மேம்பாடும் அதற்குள் அடங்கும். ஐரியர் செய்ததையே நாமும் செய்யலாம்: கவுன்ட்டியைக் கடனாக வைத்துக்கொண்டு, வெற்றியை நம் மரத்தின் பெயரால் அழைக்கலாம்.

‘கிளப்’ என்பதற்குக் ‘கழகம்’ உண்டு. திருக்குறளில் சூதாடுமிடத்தைக் குறித்த இச்சொல் இன்று மதிப்புடைய அமைப்பைக் குறிக்கிறது. அயர்லாந்தின் கழகம் பெரும்பாலும் ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட பகுதியான கத்தோலிக்கப் பங்கின் எல்லையைத் தழுவியது. தமிழகத்திலும் ஈழத்திலும் கத்தோலிக்கர் வழங்கும் ‘பங்கு’ என்னும் சொல்லே இங்கு அப்படியே பொருந்துகிறது. வாட்டர்ஃபோர்டு கவுன்ட்டியின் கொமரா மலைப்பக்கத்துச் சிற்றூரான பாலிமகார்ப்ரியின் கழகம், 1980களின் தொடக்கத்திலிருந்து தொடர்ச்சியாக நாற்பது முறை கவுன்ட்டி வாகை சூடியது; 1987 முதல் 1998 வரையிலான காலத்தில் பத்து முறை அகில அயர்லாந்துக் கழக வாகையும் சூடியது. மகளிர் கெய்லிக் கால்பந்துச் சங்கமே 1974-இல்தான், டிப்பரரியின் தர்லஸ் நகரில் தொடங்கியது என்பதை எண்ணினால், ஒரு சிற்றூரின் பெண்கள் தலைமுறை தலைமுறையாக நிகழ்த்திய இச்சாதனையின் அளவு விளங்கும்.

இத்தொடர் சீனியர், இன்டர்மீடியட், ஜூனியர் என்று நிலைகளாக நடைபெறுகிறது. இவை ஆட்டத்தரத்தைக் குறிப்பவையே அன்றி வயதை அல்ல. ஜூனியர் அணியில் நாற்பது வயதுத் தாயும் ஆடலாம். ஆதலால் ‘மூத்தோர்’, ‘இளையோர்’ என்று எழுதுவது பிழை. முதல் நிலை, இரண்டாம் நிலை, மூன்றாம் நிலை என்று எழுதுவதே சரி.