இரத்தக் குழாயில் இட்ட முட்டை மலத்துக்கு வருவது எப்படி?

"சிஸ்டோசோமியாசிஸ் நோயை உண்டாக்கும் புழு குடலுக்குள் வாழ்வதில்லை, இரத்தக் குழாய்க்குள்தான் வாழ்கிறது என்றால், அதன் முட்டை மட்டும் மலத்தில் எப்படி வருகிறது?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். இதற்கு விடை கண்டுவிட்டால் இந்நோய் உடலைக் கெடுக்கும் விதமும் புரிந்துவிடும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நோயின் தொடக்கம் பலரும் அறிந்ததுதான். ஆப்பிரிக்காவிலும் பிரேசிலிலும் நன்னீரில் வாழும் பயோம்ஃபலேரியா என்னும் நத்தையிலிருந்து வெளிவரும் வாலுள்ள இளம்புழுக்கள், நீரில் இறங்குபவரின் தோலைத் துளைத்து நுழைகின்றன. வாலை உதிர்த்துவிட்டு, நுரையீரல் வழியாகக் கல்லீரலை அடைந்து வளர்ந்து, இணை சேர்ந்தபின் குடலைச் சூழ்ந்த சிரைகளுக்கு இடம்பெயர்கின்றன. சிஸ்டோசோமா மான்சோனி எனப்படும் இவ்வகையில், சுமார் 1 செ.மீ. நீளமுள்ள ஆண் தன் உடலின் நீண்ட மடிப்புக்குள் மெல்லிய பெண்ணை வைத்துக்கொண்டே ஆண்டுக்கணக்கில் வாழ்கிறது. பெண் புழு நாளொன்றுக்குச் சுமார் 300 முட்டைகள் இடுகிறது.

அந்த முட்டையை நுண்ணோக்கியில் பார்த்தால், மங்கிய பழுப்பு நிறத்தில் நீள்வட்டமாக, விலாப்புறத்தில் ஒற்றை முள்ளுடன் தெரியும், நீளம் 0.14 மி.மீ. அளவுதான். நகர்வதற்கு அதற்குக் காலோ தசையோ கிடையாது. ஆயினும் சிரையின் சுவரையும், அதையடுத்துக் குடல் சுவரையும் அது கடந்தாக வேண்டும். உள்ளே வளரும் கரு, ஓட்டின் நுண்துளைகள் வழியே சில புரதங்களைக் கசியவிடுகிறது. அவற்றை அந்நியப் பொருளென உணரும் நம் உடல், வெள்ளையணுக்களைத் திரட்டி முட்டையைச் சூழ்ந்து கிரானுலோமா என்னும் நுண்கட்டியை எழுப்புகிறது. முட்டையை அடைத்துவைக்க எழுந்த அந்தக் கட்டியே சுற்றியுள்ள திசுவை இளக்கி, முட்டையைக் குடலின் உட்புறம் கொண்டுசேர்க்கவும் உதவுகிறது. டி அணுக்கள் என்னும் ஒருவகை வெள்ளையணுக்கள் நீக்கப்பட்ட எலிகளின் உடலில் புழுக்கள் இருந்தும் மலத்தில் முட்டைகள் குறைந்துவிட்டன; கென்யாவில், எச்.ஐ.வி. தொற்றால் எதிர்ப்பாற்றல் சரிந்தவர்களிடமும் அதுவே காணப்பட்டது. நம்மைக் காக்கும் படையையே வாகனமாக்கிக்கொள்ளும் இந்த ஏற்பாட்டை எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

ஆனால் ஏறத்தாழ பாதி முட்டைகள் வெளியேறுவதில்லை. குடல் சுவரில் சிக்கியவை வயிற்றுவலியையும் இரத்தம் கலந்த பேதியையும் உண்டாக்குகின்றன. மற்றவை இரத்த ஓட்டத்தோடு கல்லீரலுக்குப் போய், குடலிலிருந்து கல்லீரலுக்கு இரத்தம் கொண்டுவரும் வாயிற்சிரையின் நுண்கிளைகளில் அடைத்துக்கொள்கின்றன. அங்கும் அதே கட்டி எழுகிறது. வெளியேற வழியில்லாததால் தழும்பாக இறுகுகிறது. 1904-இல் சிம்மர்ஸ் என்ற மருத்துவர், சிரைகளைச் சுற்றி வெண்ணிறத்தில் தடித்த இத்தழும்புகளைக் களிமண் புகைக்குழாயின் தண்டுகளுக்கு ஒப்பிட்டார். கல்லீரல் அணுக்கள் பெரும்பாலும் நன்றாகவே இயங்கினாலும், இரத்தம் உள்ளே போக இடமில்லாமல் வாயிற்சிரையில் அழுத்தம் ஏறுகிறது, மண்ணீரல் வீங்குகிறது, உணவுக்குழாயின் அடிப்பகுதிச் சிரைகள் புடைத்து, ஒருநாள் வெடித்து, நோயாளி இரத்த வாந்தி எடுக்கிறார். உயிரைப் பறிப்பது பெரும்பாலும் அந்த இரத்தப்போக்குதான்.

சிகிச்சைக்கு முதன்மையான மருந்து பிராசிகுவான்டெல். மான்சோனி வகைக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 40 மி.கி. என்ற கணக்கில் ஒரே வேளை கொடுக்கிறார்கள். மருந்து பட்டதும் புழுவின் அணுக்களுக்குள் கால்சியம் பாய்ந்து, தசைகள் சுருண்டு இறுகுகின்றன. மேற்தோல் சிதைந்து, அதுவரை மறைந்திருந்த புழு நம் எதிர்ப்பணுக்களின் கண்ணில் படுகிறது. இளம்புழுக்களை இம்மருந்து சரிவரக் கொல்வதில்லை என்பதால், தொற்று மிகுந்த ஊர்களில் மீண்டும் மீண்டும் கொடுக்க வேண்டியுள்ளது. தழும்புகள் குழந்தைகளிடம் ஓரளவு கரைகின்றன. முற்றிய நிலையில், புடைத்த சிரைகளை உள்நோக்கிக் கருவி (எண்டோஸ்கோப்) வழியாக வளையமிட்டுக் கட்டுவது போன்ற தனி மருத்துவம் தேவை.

1980-களிலிருந்தே புழக்கத்தில் உள்ள இம்மருந்தின் மழலையர் வடிவத்துக்கு ஐரோப்பிய மருந்து முகமையின் ஒப்புதல் பரிந்துரை 2023 டிசம்பரில்தான் கிடைத்தது. விலை கொடுத்து வாங்க இயலாதவர்களின் நோய் என்பதாலேயே ஆய்வு நிதி இப்பக்கம் திரும்ப இத்தனை காலம் ஆனது என்பது என் உறுதியான கருத்து.

மாத்திரையோடு கழிப்பறையும் தூய நீரும் சேர்ந்து வந்தாக வேண்டும். மலத்தோடு நன்னீரை அடையும் முட்டை விரைவிலேயே பொரிந்துவிடும். வெளிவரும் உயிரி சில மணி நேரத்துக்குள் ஒரு நத்தையைக் கண்டுபிடித்துவிட்டால், அதிலிருந்து ஆயிரக்கணக்கான இளம்புழுக்கள் மறுபடியும் அதே நீருக்கு வரும்.