ஏறின கியர்லயே இறங்கணும்

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் சாலையில் பாதி தூரம் வந்திருப்போம். முன்னால் போன நண்பனின் ஸ்கூட்டரிலிருந்து ஒரு கருகல் வாடை வந்தது. அடுத்த வளைவில் அவன் இரண்டு கால்களையும் தரையில் தேய்த்துக்கொண்டே போய், ஓரத்து மண்மேட்டில் முன்சக்கரத்தைச் சொருகி வண்டியை நிறுத்தினான்.

"மாப்ள, பிரேக் லீவர் கைப்பிடி வரைக்கும் வந்துடுச்சு. பிடிக்கவே மாட்டேங்குது" என்றான். கை நடுங்கிக்கொண்டிருந்தது.

மூன்று நாள் பயணத்தின் கடைசி இறக்கம் அது. பெங்களூரில் கிளம்பி, மைசூரு வழியாகப் பந்திப்பூர், முதுமலைக் காடுகளைக் கடந்து வந்திருந்தோம். இரவு ஒன்பது முதல் காலை ஆறு வரை பந்திப்பூர்ச் சாலை மூடியிருக்கும் என்பதால் விடிந்த பிறகே காட்டுக்குள் நுழைந்தோம். தெப்பக்காட்டில் மாயாற்றைத் தாண்டி மசினகுடி, அங்கிருந்து கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகள், பிறகு ஊட்டி. என்னுடையது 150 சிசி கியர் பைக். அவனுடையது ஏழெட்டு வருடம் ஓடிய 110 சிசி ஸ்கூட்டர்.

கல்லட்டி ஏற்றத்தில் ஸ்கூட்டர் திணறியபோது இருவரும் அதன் வயதைத்தான் குறை சொன்னோம். காரணத்தில் ஒரு பங்கு காற்றில் இருந்தது. ஊட்டி ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரம். கடல்மட்டத்தோடு ஒப்பிட்டால் அங்கே காற்றின் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு குறைவு. காற்று குறைந்தால் எரிக்கக்கூடிய பெட்ரோலும் குறையும், இழுவையும் குறையும். ஆனால் ஏற்றத்தில் வண்டி திணறினால் நின்றுவிடும், அவ்வளவுதான். ஆபத்து இறக்கத்தில் இருக்கிறது. கல்லட்டி வழியே ஊட்டியிலிருந்து இறங்க வெளியூர் வண்டிகளை விடாததும் அதனால்தான். அங்கே பிரேக் பிடிக்காமல் போய்ச் செத்தவர்கள் பலர்.

நண்பனின் பிரேக்குக்கு என்ன ஆனது? கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, மேட்டுப்பாளையம் 300 மீட்டருக்குச் சற்று மேலே. வண்டி, ஆள், பை எல்லாம் சேர்த்து 190 கிலோ என்று வையுங்கள். அந்த எடை 1,500 மீட்டர் கீழே இறங்கும்போது சுமார் 28 லட்சம் ஜூல் ஆற்றல் வெளிப்படும். எட்டு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதுமான ஆற்றல் இது. ஏறும்போது எரித்த பெட்ரோலில் ஒரு பங்குதான் உயரமாகச் சேர்ந்து இத்தனை நேரம் நம்மோடு வந்திருக்கிறது. இறங்கும்போது வேகம் கூடக் கூடாது என்றால், அத்தனையும் எங்காவது சூடாக மாறித்தான் ஆக வேண்டும். வேறு வழியில்லை.

எதிர்க்காற்றும் டயரின் உராய்வும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். ஆனால் வளைவுகளுக்காக மெதுவாகப் போகும்போது காற்றின் பங்கு சுருங்கிவிடும். நூறு மீட்டருக்கு எட்டு மீட்டர் இறங்கும் சரிவை எடுத்துக்கொள்வோம். நீலகிரி மலை ரயில் பல் தண்டவாளத்தைப் பிடித்து ஏறும் இடத்தின் சரிவும் ஏறக்குறைய இதேதான். அதில் மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் சீராக இறங்கினால், காற்றுக்கும் டயருக்கும் போனது போக ஏறக்குறைய 700 வாட் மிச்சம் நிற்கும். வீட்டு இஸ்திரிப் பெட்டி ஒன்றின் சூடு இது. சரிவு முடியும் வரை அந்தப் பெட்டியை அணைக்கவே முடியாது.

நண்பன் அந்தச் சூடு முழுவதையும் பின்சக்கரத்தின் டிரம் பிரேக்குக்குள் கொட்டியிருந்தான். முன்பிரேக் பிடித்தால் கவிழ்ந்துவிடுவோம் என்ற பயத்தில் இடது கை லீவரை மட்டும் இழுத்துப் பிடித்தபடியே வந்திருக்கிறான். அவனுடைய பழைய ஸ்கூட்டரில் இடது லீவர் பின்சக்கரத்துக்கு மட்டும்தான். நம்மில் பலருக்கு இந்தப் பழக்கம் உண்டு. இறக்கத்தில் எடை முன்சக்கரத்தின் பக்கம் சாய்வதால் தரையில் நல்ல பிடிப்பு இருப்பது முன்சக்கரத்துக்குத்தான். திருப்பத்துக்கு முன்பே, வண்டி நேராக இருக்கும்போது, இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பதமாக அழுத்துவதில் பயப்பட எதுவும் இல்லை.

டிரம் என்பது ஒரு மூடிய கிண்ணம். உள்ளே இரண்டு பிரேக் ஷூக்கள் விரிந்து கிண்ணத்தின் உட்சுவரைத் தேய்க்கின்றன. சூடு உள்ளே பிறக்கிறது, காற்று வெளியே அடிக்கிறது. இரும்பைத் தாண்டித்தான் சூடு வெளியேற முடியும். சூடு தேங்கினால் இரண்டு காரியங்கள் நடக்கும். ஒன்று, ஷூவின் லைனிங்கைப் பிணைத்திருக்கும் பிசின் சிதைந்து வாயுவாகக் கசியும், உராய்வு குறையும். எங்கள் மூக்குக்கு எட்டிய கருகல் அதுதான். இரண்டு, டிரம் சூட்டில் விரிந்து ஷூவை விட்டு விலகும். தொடுவதற்கே லீவரை இன்னும் அதிகம் இழுக்க வேண்டும். பிடி குறைந்ததால் நாம் மேலும் இழுப்போம், அது மேலும் சுடும்.

டிஸ்க் பிரேக் வைத்திருப்பவர்கள் நிம்மதியாக இருக்கலாமா? தட்டு வெளிக்காற்றில் சுழல்வதால் சீக்கிரம் ஆறும், உண்மைதான். அங்கே கவலை பிரேக் ஆயில். அது காற்றிலிருந்து ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும் திரவம். டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 155 டிகிரி அளவுக்கு இறங்கிவிடும். கொதித்தால் குழாய்க்குள் ஆவிக்குமிழ்கள். திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். லீவர் பஞ்சு மாதிரி உள்ளே போகும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆயிலை மாற்றச் சொல்வது இதற்காகத்தான்.

அப்படியானால் அந்த 700 வாட்டை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? எஞ்சினில். ஒரு சிரிஞ்சின் முனையை விரலால் அடைத்துக்கொண்டு பிஸ்டனை இழுத்துப் பாருங்கள், கை வலிக்கும். ஆக்சிலேட்டரை முழுவதும் விட்டுவிட்டால் எஞ்சினின் காற்றுவழி ஏறக்குறைய அடைபடும். சக்கரம் எஞ்சினைச் சுழற்ற, காற்றை உள்ளிழுக்கக் கீழே இறங்கும் ஒவ்வொரு முறையும் பிஸ்டன் அந்த அடைப்புக்கு எதிராக உறிஞ்சிச் சிரமப்படுகிறது. கூடவே பிஸ்டன் ரிங்குகள், பேரிங்குகள், கெட்டியான ஆயில் எல்லாவற்றின் உராய்வும் சேர்கிறது. கம்ப்ரஷன்தான் வண்டியை நிறுத்துகிறது என்று பலர் சொல்வார்கள். ஆனால் அழுத்தப்பட்ட காற்று ஸ்பிரிங் போல வாங்கியதில் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்துவிடும். தடை பெரும்பாலும் உறிஞ்சுவதிலும் உராய்விலும்தான்.

கியர் குறையக் குறைய, சக்கரம் ஒரு சுற்று சுற்றுவதற்குள் எஞ்சின் அதிகச் சுற்றுகள் சுற்ற வேண்டியிருக்கும். என் வண்டியில் ஐந்தாம் கியரைவிட இரண்டாம் கியரில் அது ஏறக்குறைய இரு மடங்கு. சக்கரத்தின் மேல் விழும் தடையும் இரு மடங்குக்குக் குறையாது. பழைய டிரைவர்கள் சொல்லும் "ஏறின கியர்லயே இறங்கணும்" என்ற பேச்சுக்குள் இவ்வளவு இயற்பியல் இருக்கிறது. பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டுபவர்கள் இந்தத் தடை முழுவதையும் தூக்கி எறிந்துவிட்டு வருகிறார்கள். அதிலும் இப்போதைய ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வண்டிகள், கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரை விட்டால் பெட்ரோலையே நிறுத்திவிடும். நியூட்ரலில்தான் ஐட்லிங்குக்குக் குடிக்கும்.

ஸ்கூட்டரில் இதற்குப் பெரிய வசதி கிடையாது. பெல்ட்டும் இரண்டு புல்லிகளுமே அங்கே கியர். பின்பக்கத்துக் கிளட்ச் சுழற்சியின் வேகத்தால் விரிந்து ஒட்டுவது. வேகம் ஒரு அளவுக்குக் கீழே போனால் அது சுருங்கி விட்டுவிடும். அதாவது வளைவுக்காக மெதுவாக்கிய அந்தக் கணத்தில், தடை மிகவும் தேவைப்படும் நேரத்தில், வண்டி தானாகவே நியூட்ரலுக்குப் போய்விடுகிறது. நண்பனின் மேல் தப்பில்லை. யாரும் இதை அவனுக்குச் சொன்னதில்லை. இரண்டு வண்டியையும் அறிந்த நான் கோத்தகிரியிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

பாட்டில் தண்ணீரை அவன் டிரம்மில் ஊற்றப் போனபோது, பக்கத்துப் பெட்டிக்கடைப் பெரியவர் ஓடிவந்து தடுத்தார். "தம்பி, ஊத்தாதீங்க, வெடிச்சுரும். டீ குடிங்க, தானா ஆறும்." சுடும் இரும்பில் ஒரு பக்கம் மட்டும் சட்டென்று குளிர்ந்தால் விரிசல் விடலாம். முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். அந்த நேரத்தில் நாலைந்து காட்டெருமைகள் தேயிலைச் சரிவிலிருந்து இறங்கி, அவன் அடுத்ததாகத் திரும்பியிருக்க வேண்டிய வளைவை நிதானமாகக் கடந்து போயின. இரண்டு பேரும் பேசவில்லை. அப்படி ஒரு நொடிக்காகத்தான் பிரேக் எப்போதும் சூடேறாமல் இருக்க வேண்டும்.

மீதி தூரத்துக்கு வண்டியை மாற்றிக்கொண்டோம். அவன் என் பைக்கை இரண்டாம் கியரில் இறக்கினான். நான் ஸ்கூட்டரில். கிளட்ச் விடுவது தெரிந்தவுடன் ஆக்சிலேட்டரை லேசாகத் தொட்டு மறுபடி ஒட்ட வைத்து, உடனே விட்டுவிடுவேன்; எஞ்சின் கொஞ்ச தூரம் பிடித்து இழுக்கும். நேர்ச்சாலையிலும் 20ஐத் தாண்டவில்லை. அதே உயரம், அதே மொத்தச் சூடுதான். ஆனால் மெதுவாகப் போகும்போது அது அதிக நேரத்துக்குப் பரவி வருகிறது. டிரம்முக்கு ஆற அவகாசம் கிடைக்கிறது. இரண்டு பிரேக்கையும் சேர்த்துச் சுருக்கமாகப் பிடித்து விட்டுக்கொண்டே வந்தேன். பின்னால் வந்த பேருந்துகளுக்கு ஒதுங்கி வழிவிட்டோம்.

மேட்டுப்பாளையத்தில் நின்றதும் நண்பன் பாட்டிலைத் திறந்து விரல் நுனியில் ஒரு சொட்டு எடுத்துப் பின்சக்கர டிரம்மின் மேல் விட்டான். குனிந்து காது கொடுத்துக் கேட்டான். சுர்ரென்ற சத்தம் வரவில்லை. சொட்டு மெதுவாக வழிந்து மண்ணில் விழுந்தது.