‘கன்’ என்னும் சொல்: துப்பாக்கி மட்டும்தானா?

ஆங்கிலத்தில் மூன்றே எழுத்தில் முடிந்துவிடும் ‘கன்’ என்னும் சொல்லைத் தமிழாக்க நேரும்போது, நம்மில் பெரும்பாலோர் மறுமுறை எண்ணிப் பார்க்காமல் ‘துப்பாக்கி’ என்று எழுதிவிடுகிறோம். போர்க்கப்பலின் மேல்தளத்தில் நிற்கும் பல டன் எடையுள்ள ஆயுதமும், சுவருக்கு வண்ணம் அடிப்பவர் கையில் பிடிக்கும் கருவியும், ஓட்டப்பந்தயத்தைத் தொடங்கிவைக்கும் வெடியோசையும் ஆங்கிலத்தில் ‘கன்’தான். தமிழில் அவை ஒரு பெயருக்குள் அடங்குவன அல்ல. குழலும் விசையும் இருந்து, உள்ளிருப்பதை விரைவாக வெளியே தள்ளும் எதையும் ஆங்கிலம் இச்சொல்லால் அழைத்துவிடுகிறது. நமது ‘துப்பாக்கி’யோ கையில் ஏந்திச் சுடும் கொலைக்கருவியை மட்டுமே நினைவூட்டுகிறது.

இச்சொல்லின் பிறப்பு வியப்பளிப்பது. இங்கிலாந்தின் வின்சர் கோட்டையில் 1330-31இல் எழுதப்பட்ட படைக்கலப் பட்டியல் ஒன்று, அங்கிருந்த பெரிய விற்பொறி ஒன்றை ‘குனில்டா சீமாட்டி’ என்று இலத்தீனில் குறிக்கிறது. குன்ஹில்ட் என்பது ஸ்காண்டிநேவியப் பெண்பெயர். அதன் முற்பாதி, பிற்பாதி இரண்டுக்குமே போர் என்பதுதான் பொருள். அப்பெயரின் சுருக்கமே பிற்காலத்தில் வெடிமருந்தால் இயங்கும் ஆயுதங்களுக்கு வழங்கலாயிற்று என்பது சொற்பிறப்பியலார் பெரிதும் ஏற்கும் கருத்து. பெரிய ஆயுதங்களுக்குப் பெண்பெயர் இடும் வழக்கம் ஐரோப்பாவில் நெடுங்காலம் நீடித்தது. ஸ்காட்லாந்தின் எடின்பரோ கோட்டையில் இன்றும் காணக்கூடிய, 1449இல் செய்யப்பட்ட பீரங்கியின் பெயர் ‘மான்ஸ் மெக்’. முதல் உலகப்போரில் ஜெர்மானியர் பயன்படுத்திய 420 மில்லிமீட்டர் பீரங்கியை மக்கள் ‘பெரிய பெர்த்தா’ என்றனர். ஒலி ஒத்திருப்பதால் ‘கன்னி பேக்’ எனப்படும் சாக்குப்பையையும் இக்குடும்பத்தில் சேர்த்துவிடக் கூடாது. அது நமது ‘கோணி’க்கு உறவான இந்தியச் சொல்.

‘துப்பாக்கி’யின் வரலாறு வேறு. துருக்கியில் ‘துஃபெக்’ என்றும் பாரசீகத்தில் ‘துஃபங்’ என்றும் வழங்கிய சொல்லே தெலுங்கில் ‘துபாகி’யாகவும் மலையாளத்தில் ‘தோக்கு’ ஆகவும் நம்மிடம் ‘துப்பாக்கி’யாகவும் உருமாறியது. ஈழத்தமிழர் வழங்கும் ‘துவக்கு’ம் இதே வேரிலிருந்து வந்ததே, ஒலியளவில் அது மூலத்துக்கு இன்னும் நெருக்கமானது என்றே சொல்லலாம். இவ்வேர் முதலில் குறித்தது சுடும் ஆயுதத்தையன்று. வாயால் ஊதிச் சிறு உருண்டையை எறியும் ஊதுகுழலையே குறித்தது. ஆங்கிலச் சொல் ஒரு பெண்ணின் பெயரிலிருந்து கிளைத்திருக்க, நம் வழக்கில் உள்ள சொல் ஒரு குழலிலிருந்து கிளைத்திருக்கிறது.

குண்டைத் துப்புவதால்தான் துப்பாக்கி என்று பெயர் வந்தது என்று சிலர் விளக்குவதுண்டு. கேட்பதற்கு இனிமையான விளக்கம்தான்; ஆயினும் அதற்குச் சான்றில்லை. வான்சிறப்பு அதிகாரத்தில் உள்ள 12ஆம் குறளில் ‘துப்பாக்கி’ என்னும் ஒலிக்கோவை வருவதைக் காட்டி, இச்சொல் பழந்தமிழிலேயே இருந்தது என்று வாதிடுவோரும் உள்ளனர். அங்கே அது ‘துப்பு ஆக்கி’ என்று பிரியும். உண்பவர்க்கு நல்ல உணவை விளைவித்துத் தந்து, தானும் உணவாக அமைவது மழை என்பது அக்குறளின் கருத்து. உயிர் வளர்க்கும் உணவைச் சொன்ன குறளை உயிர் பறிக்கும் கருவிக்குச் சான்றாக்குவது வள்ளுவருக்கும் நியாயமன்று, சொல்லாராய்ச்சிக்கும் நியாயமன்று.

தனித்தமிழ் அன்பர்கள் ‘துமுக்கி’, ‘சுடுகலன்’ என்னும் சொற்களை முன்வைத்துள்ளனர். இவற்றுள் ‘சுடுகலன்’ எனக்கு மிகவும் பிடித்த சொல். காரணம், அது துப்பாக்கிக்கு மாற்றாக நிற்பதைவிட, கைத்துப்பாக்கி முதல் பீரங்கி வரை எல்லாவற்றையும் ஒருங்கே குறிக்கும் பொதுப்பெயராக நிற்பதற்கே பொருத்தமானது. சட்டம், வரலாறு, படையியல் பற்றி எழுதுவோர்க்கு அப்படியொரு பொதுப்பெயர் இன்றியமையாதது. துப்பாக்கியை விரட்ட வேண்டிய தேவையில்லை. பல தலைமுறைகளாக நாவில் பழகி, வேற்றுமை உருபுகளை இயல்பாக ஏற்றுக்கொண்டு, கைத்துப்பாக்கி, இயந்திரத் துப்பாக்கி, துப்பாக்கிச் சூடு என்று கிளைத்துவிட்ட சொல் அது.

மொழிபெயர்ப்பாளர் மிகுதியாக இடறுவது படைத்துறைச் செய்திகளில்தான். படைத்துறை வழக்கில் ‘கன்’ என்றால் முதன்மையாகப் பீரங்கி என்றே கொள்ள வேண்டும். காலாட்படை வீரர் தோளில் சுமப்பதை அவர்கள் ‘ரைபிள்’ என்றே அழைப்பர். பீரங்கிகளுக்குள்ளும் நீண்ட குழலுடன் மிகுந்த வேகத்தில் எறிகணையைத் தாழ்வான பாதையில் செலுத்துவதே ‘கன்’. வளைந்துயரும் பாதையில் செலுத்துவது ‘ஹோவிட்சர்’. ஆகவே ‘கன்போட்’ என்பது பீரங்கிப் படகு. அதைத் துப்பாக்கிப் படகு என்று எழுதினால், படகில் வீரர்கள் துப்பாக்கியுடன் அமர்ந்திருப்பதாகவே படிப்பவர் எண்ணுவார். ‘கன்மெட்டல்’ என்பதும் பழங்காலத்தில் பீரங்கி வார்க்கப் பயன்பட்ட, செம்பும் வெள்ளீயமும் துத்தநாகமும் கலந்த வெண்கல வகையே. பீரங்கி என்னும் சொல்லும் வெளியிலிருந்து வந்ததுதான்: ஐரோப்பியரைக் குறித்த ‘ஃபிரங்கி’ என்னும் பாரசீகச் சொல், அவர்களோடு தொடர்புபட்ட ஆயுதத்துக்கும் பெயராயிற்று. பரங்கிக்காயின் முன்பாதியும் அச்சொல்லே.

‘21 கன் சல்யூட்’ என்பதை ‘21 பீரங்கிகள் முழங்க’ என்று எழுதுவது அடிக்கடி காணப்படும் பிழை. அந்த எண் குறிப்பது எத்தனை முறை சுடப்படுகிறது என்பதையே. எத்தனை பீரங்கிகள் நிறுத்தப்படுகின்றன என்பதையன்று. ‘21 குண்டுகள் முழங்க’ என்னும் பழகிய தொடர் எண்ணிக்கையைச் சரியாகச் சொல்கிறது. ஆனால் மரியாதைக்காகச் சுடும்போது குண்டு இருப்பதில்லை, வெறும் மருந்தே வெடிக்கிறது. ஓசையை மட்டும் குறிக்கும் ‘வேட்டு’ நம்மிடம் இருக்கையில், ‘21 பீரங்கி வேட்டுகள் முழங்க’ என்று எழுதினால் பொருளும் பிழைபடாது, தமிழும் மிடுக்காக இருக்கும்.

தொழிற்கருவிகளின் பெயரை மாற்றும்போது ‘கன்’ என்னும் பகுதியை மறந்துவிட்டு, கருவி செய்யும் வேலையைக் கவனிப்பதே முறை. ‘ஸ்ப்ரே கன்’ என்பது தெளிப்பான். ‘ஹீட் கன்’ வெப்பக்காற்று ஊதி. ‘குளூ கன்’ பசை உருக்கி. சிறுவர் விளையாடும் ‘வாட்டர் கன்’னுக்குப் ‘பீச்சாங்குழல்’ என்னும் அழகிய சொல் முன்பே இருக்க, ‘நீர்த் துப்பாக்கி’ எதற்கு? ‘பீச்சு’ என்னும் வினை இவ்விடத்தில் பெரிதும் உதவும். மசகுநெய்யை அழுத்தி ஏற்றும் ‘கிரீஸ் கன்’னை மசகுப் பீச்சி எனலாம், சூடான எதிர்மின்வாயிலிருந்து வெளிப்படும் எலக்ட்ரான்களை முடுக்கி ஒரே கற்றையாக அனுப்பும் ‘எலக்ட்ரான் கன்’னை எலக்ட்ரான் பீச்சி எனலாம். ‘உமிழி’ என்றும் சொல்லத் தோன்றும். ஆனால் டிரான்சிஸ்டரின் ஒரு பகுதிக்கு உமிழ்ப்பான் என்னும் பெயர் இருப்பதால் குழப்பம் நேரும்.

மரபுத்தொடர்களில் ஆயுதமே மறைந்துவிட வேண்டும். ‘ஜம்ப் தி கன்’ என்பது தொடக்க வேட்டு ஒலிக்கும் முன்பே ஓடத் தொடங்குவது. தமிழில் ‘அவசரப்பட்டு முந்திக்கொண்டார்’ என்றால் போதும். ‘பிக் கன்’ பெரும்புள்ளி. ‘ஸ்மோக்கிங் கன்’ மறுக்க முடியாத சான்று. ‘லாக், ஸ்டாக் அண்ட் பேரல்’ என்னும் தொடரில்தான் அகராதி பார்த்து எழுதுவோர் பெரிதும் ஏமாறுவர். அங்கே ‘லாக்’ பூட்டன்று, சுடும் பொறியமைப்பு. ‘ஸ்டாக்’ சரக்கன்று, தோளில் அணைத்துப் பிடிக்கும் கட்டை. ‘பேரல்’ பீப்பாயன்று, குழல். மூன்றும் சேர்ந்தால் முழுத் துப்பாக்கி என்பதால் அத்தொடருக்கு ‘ஒன்றுவிடாமல்’ என்பதே பொருள். ‘கடையை லாக், ஸ்டாக் அண்ட் பேரலாக விற்றார்’ என்பதைத் தமிழில் ‘கடையை ஒட்டுமொத்தமாக விற்றுவிட்டார்’ என்று எழுதுவதே சரி.