கோழி புரட்டும், ஆமை புரட்டாது

கோழியை அடைவைத்துப் பழகியவர் கையில் ஆமை முட்டை கிடைத்தால், பாசத்தோடு ஒரு தப்பு செய்வார்: திருப்பித் திருப்பி வைப்பார். கோழி அப்படித்தானே அலகால் உருட்டுகிறது?

கோழி முட்டையை உடைத்து ஊற்றிப் பாருங்கள். மஞ்சள் கருவின் இரு பக்கமும் முறுக்கின வெள்ளை நூல் மாதிரி ஒன்று இருக்கும். மஞ்சள் கருவை நடுவில் நிறுத்தும் கயிறு அது. ஆமை முட்டையில் அந்தக் கயிறு இல்லை. இட்ட ஓரிரு நாளில், குஞ்சாகப்போகும் கரு மஞ்சள் கருவின் உச்சிக்கு வந்து, ஓட்டின் உட்சவ்வில் ஒட்டிக்கொள்கிறது. வெளியிலும் அந்த இடத்தில் சுண்ணாம்பு தொட்டு வைத்தாற்போல் வெள்ளைத் திட்டு தெரியும். அதன்பின் புரட்டினால் ஒட்டு பிய்ந்துபோகும், கரு செத்துவிடும். ஆகவே எடுக்கும்போதே உச்சியில் பென்சிலால் ஒரு புள்ளி. பேனா வேண்டாம், ஓடு முழுக்க நுண்துளைகள்.

ஐரோப்பாவில் பலர் வளர்க்கும் ஹெர்மன் ஆமையையே எடுத்துக்கொள்வோம். (நம்மூர் நட்சத்திர ஆமையை வீட்டில் வைத்தால், 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.) மே, ஜூன் வாக்கில் பெண் ஆமை தீனியை மறந்து வேலியோரமாகவே நடக்கும், மண்ணை முகரும். வெயில் விழும் மேட்டில் லேசான ஈரமண் கொட்டி வைத்தால் போதும். பின்னங்கால்களால் மாற்றி மாற்றித் தோண்டும், மண் இறுகியிருந்தால் சிறுநீர் விட்டு இளக்கும். குழியை ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்காது. காலாலேயே தடவித் தெரிந்துகொள்ளும். மூடிய பின் அடி ஓட்டால் மண்ணைத் தட்டிச் சமன் செய்துவிட்டுப் போய்விடும். இடம் பிடிக்காவிட்டால் முட்டையை உள்ளேயே அடக்கி வைக்கும், அது ஆபத்து. பல நாள் தவித்தும் இடாத ஆமைக்குக் கைவைத்தியம் பார்க்காதீர்கள். எக்ஸ்ரேயில் முட்டைகளை எண்ணிவிட்டு, கால்சியமோ, முட்டையை வெளித்தள்ளவைக்கும் ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோனோ தர வேண்டியவர் கால்நடை மருத்துவர்.

முட்டைகளை இன்குபேட்டரில் ஈரமான வெர்மிகுலைட்டில் (ஈரத்தைப் பிடித்துவைக்கும் கனிமத் துகள்) பாதி புதைத்து வைப்பார்கள். இனி எல்லாம் வெப்பம். ஆணா பெண்ணா என்பதைக்கூட அதுதான் முடிவு செய்கிறது. 1966-இல் மாட்லேன் ஷார்னியே என்ற பெண் ஆய்வாளர் செனகலில் ஓணான் இனம் ஒன்றில் இதை முதலில் கண்டார். சில ஆண்டுகளில் ஆமைகளிலும் தெரியவந்தது. ஹெர்மன் ஆமைக்குத் தராசு முள் ஏறக்குறைய 31.5 டிகிரி செல்சியஸில் நிற்கிறது. குறைந்தால் ஆண், கூடினால் பெண். அதிலும் அடைகாலத்தின் நடு மூன்றில் ஒரு பங்கு நாட்களின் வெப்பமே கணக்கு; முதல் வாரத்தில் மின்சாரம் போனதற்காகக் குஞ்சு ஆணாகிவிடாது. பெண் குஞ்சுதான் வேண்டுமென்று 35 வரை ஏற்றுகிறவர்களும் உண்டு. குஞ்சின் முதுகோட்டுத் தகடுகள் கோணலாகும், கருவே சாகும். எனக்கு அந்தப் பேராசை பிடிக்கவில்லை.

இரண்டு மூன்று மாதத்தில் மூக்கு நுனியிலுள்ள சின்ன முள்ளால் குஞ்சு ஓட்டைக் குத்தும். ஒரு துளை, அதில் ஒரு மூக்கு; பிறகு ஒரு நாள், சில சமயம் இரண்டு நாள், அசைவே இருக்காது. ஓட்டை உரித்து உதவத் தோன்றும். உரிக்காதீர்கள். வயிற்றில் மிச்ச மஞ்சள் கருப் பை இன்னும் வெளியே இருக்கும். அதை உள்ளிழுத்துக்கொள்ளத்தான் குஞ்சு அப்படியே கிடக்கிறது. வெளியே வந்த பிறகும் பை தெரிந்தால் ஈரமான டிஷ்யூ தாளின் மேல் விடுங்கள். தொப்புள் மூடியதும் தாடை நனையும் அளவு வெதுவெதுப்பான தண்ணீரில் இறக்கினால், கழுத்தை நீட்டி முதல் வாய் குடிக்கும்.