விண்டாலு கெடாது என்று யார் சொன்னது?

ஹோட்டல் சமையலறைகளில் உணவுப் பாதுகாப்புப் பயிற்சி கொடுப்பது என் தொழில். டிசம்பர் வந்தால், கிறிஸ்துமஸுக்கு வினிகர் ஊற்றிச் செய்யும் விண்டாலு என்ற காரமான இறைச்சிக் குழம்பைப் பற்றி ஒரு வாதம் தவறாமல் காதில் விழும். "சார், இது விண்டாலு. ராத்திரி வெளியிலேயே இருக்கட்டும், ஒண்ணும் ஆகாது. நாளைக்குத்தான் ருசியே ஏறும்." பழைய விண்டாலுவுக்கு இது ஓரளவு சரி. ஆனால் இன்று அண்டாவில் கொதிப்பது பெரும்பாலும் அந்த விண்டாலு இல்லை.

விண்டாலுவின் பிறப்பிடம் போர்த்துகீசியச் சமையல். ஒயின் அல்லது வினிகர், பூண்டு, உப்பு ஆகியவற்றில் பன்றி இறைச்சியை ஓரிரு நாள் ஊறவைத்து, பிறகு பொரிப்பார்கள். போர்ச்சுகலின் மெடீரா தீவில் கிறிஸ்துமஸுக்கு இன்றும் இதுதான். அங்கிருந்து 19ஆம் நூற்றாண்டில் தென் அமெரிக்காவின் கயானாவுக்குக் கூலிவேலைக்குப் போனவர்கள் அதையே கொண்டுபோக, அங்கே அது 'கார்லிக் போர்க்' ஆனது. குழம்பே இல்லாத பண்டம் அது.

1510இல் கோவாவைப் பிடித்த போர்த்துகீசியர் அமெரிக்கக் கண்டத்து மிளகாயையும் இங்கே கொண்டுவந்தார்கள். கோவாக்காரர்கள் ஒயினுக்குப் பதில் கள்ளிலிருந்து எடுத்த வினிகரை ஊற்றினார்கள். சீரகம், மிளகு, பட்டை, கிராம்பு, பூண்டு எல்லாவற்றையும் அந்த வினிகரிலேயே அரைத்தார்கள். நிறத்துக்குக் காஷ்மீரி மிளகாய். அதில் காரம் குறைவு என்பது சமைப்பவர்களுக்குத் தெரியும். உருளைக்கிழங்கு கிடையாது, தண்ணீரும் பேருக்குத்தான். அதாவது, ஊறுகாய்க்குப் பக்கத்து வீடு.

நெப்போலியன் போர்க்காலத்தில் பிரிட்டிஷ் படை கோவாவில் முகாமிட்டிருந்தது. மாடு, பன்றி எதையும் தயங்காமல் சமைத்த கோவா கிறிஸ்தவச் சமையல்காரர்களுக்கு வெள்ளைக்காரர் வீடுகளில் நல்ல கிராக்கி. அந்த வழியில் வந்த விண்டாலுதான் பெரம்பூர், கோலார் தங்கவயல் போன்ற இடங்களின் ஆங்கிலோ-இந்தியர் வீடுகளில் தங்கிப்போனது. கடுகு அரைத்துச் சேர்ப்பது, மஞ்சள் போடுவது, வாத்திலும் மாட்டிறைச்சியிலும் செய்வது என வீட்டுக்கு வீடு கைப்பக்குவம் மாறும். என்னைக் கேட்டால், கடுகு சேர்த்த வாத்து விண்டாலுவுக்கு முன்னால் மற்றதெல்லாம் சும்மா.

அப்புறம் பிரிட்டனில் கதை வேறு பாதையில் போனது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பெருகிய 'கறி ஹவுஸ்' என்ற இந்திய உணவகங்களைப் பெரும்பாலும் இன்றைய வங்கதேசத்தின் சில்ஹெட் பகுதி வங்காளிகள் நடத்தினார்கள். ஒரே வெங்காயக் குழம்பை அடிப்படையாக வைத்துக்கொண்டு காரத்தை மட்டும் படிப்படியாக ஏற்றினார்கள். கோர்மாவில் தொடங்கி மெட்ராஸ், அதற்கு மேல் விண்டாலு, உச்சியில் ஃபால். விண்டாலு காரத்தின் ஒரு அளவாகிவிட்டது. வினிகர் ஒரு கரண்டியாகச் சுருங்கியது; உருளைக்கிழங்கு உள்ளே வந்தது. காரம் வீராப்பாகவும் மாறியது: 2011இல் எடின்பரோவில் நடந்த காரக்கறி சாப்பிடும் போட்டியில் இரண்டு பேரை மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. அந்த வடிவம் இப்போது நம் ஊர் மெனு கார்டுகளுக்கும் திரும்பி வந்திருக்கிறது, கூடவே தக்காளியும் வெங்காயமும்.

இங்கேதான் என் கவலை. பழைய விண்டாலுவைக் காப்பாற்றியது வினிகரும் உப்பும். மிளகாய் அல்ல. குழம்பின் பிஎச் (புளிப்பைக் காட்டும் எண்; குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 4.6க்குக் கீழே இருந்தால் ஆபத்தான பல பாக்டீரியாக்களால் பெருக முடியாது. நாலு கிலோ கறிக்கு ஒரு கரண்டி வினிகர் ஊற்றி, வெங்காயமும் கிழங்கும் தண்ணீரும் சேர்த்தால் அந்தப் புளிப்பு அங்கே இருக்காது. எவ்வளவு மிளகாய்த்தூள் கொட்டினாலும் அதை ஈடுகட்டாது. நாக்கு எரிவதால் கிருமியும் செத்திருக்கும் என்று நினைத்துவிடுகிறோம்.

இறைச்சிக் குழம்பில் நான் அதிகம் எச்சரிப்பது கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சென்ஸ் என்ற பாக்டீரியாவைப் பற்றி. அதன் வித்துகள் கொதியிலும் பிழைக்கும். பெரிய அண்டாவின் நடுப்பகுதி ஆறப் பல மணி நேரம் ஆகும்; அந்த வெதுவெதுப்பில் அது மளமளவென்று பெருகும். மறுநாள் விருந்துக்கு வந்தவர்களுக்கு வயிற்றுவலி, பேதி. அதனால் குழம்பை இரண்டு அங்குல ஆழத்துக்கு மேல் போகாமல் தட்டையான எவர்சில்வர் ட்ரேக்களில் பிரித்து, இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்கு அனுப்புங்கள். எடுக்கும்போது நன்றாகக் கொதிக்கவிட்டுப் பரிமாறுங்கள். ஊறவைப்பதும் ஃப்ரிட்ஜிலேயே நடக்கட்டும். அலுமினியப் பாத்திரம் வேண்டாம், வினிகர் அதை அரிக்கும்.

புளிப்பைச் சோதிக்க விரும்பும் மாஸ்டர்கள் பிஎச் காகிதத்தை நம்ப வேண்டாம். சிவப்பு எண்ணெய் ஒட்டிக்கொண்டால் காகிதத்தின் நிறமே தெரியாது. சின்ன மீட்டர் ஒன்று வாங்கிவிடலாம்.

வினிகர் பாட்டிலில் 'சிந்தெடிக்' என்று இருந்தால் பயப்பட வேண்டாம். புளிக்கவைத்து எடுத்த வினிகர், இந்தச் செயற்கை வினிகர் இரண்டிலும் குறைந்தது 3.75 சதவீதம் அசிட்டிக் அமிலம் இருக்க வேண்டும் என்பது நம் நாட்டு விதி. வித்தியாசம் மணத்தில்தான். ஆனால் கெமிக்கல் கடையில் அடர் அசிட்டிக் அமிலம் வாங்கித் தண்ணீர் கலந்து ஊற்றும் பழக்கம் சில இடங்களில் உண்டு. அது தோலையும் தொண்டையையும் வெந்துபோகச் செய்யும் சரக்கு. அந்த கேனைச் சமையலறைக்குள்ளேயே விடாதீர்கள்.