ஒரே ஆண்டில் சராசரி ஆயுள் எப்படிக் குறைகிறது?

2019இல் 78.8 ஆண்டுகளாக இருந்த அமெரிக்கர்களின் சராசரி ஆயுள், 2020இல் 77.0 ஆகவும் 2021இல் 76.4 ஆகவும் இறங்கியது. 2023இல் மறுபடி 78.4. இதைப் படித்துவிட்டு, 2021இல் பிறந்த குழந்தைகள் 2023இல் பிறந்தவர்களைவிட இரண்டு வருஷம் குறைவாக வாழ்வார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. அந்த எண்ணை வைத்து யாருக்கும் ஆரூடம் சொல்ல முடியாது. குறிப்பிட்ட ஓர் ஆண்டில் எந்தெந்த வயதில் எத்தனை பேர் இறந்தார்கள் என்பதன் சுருக்கம் அது.

கணக்கு போடும் விதத்தைப் பார்த்தால் இது புரியும். ஒரு லட்சம் குழந்தைகள் ஒரே நாளில் பிறந்ததாக முதலில் வைத்துக்கொள்வார்கள். அந்த ஆண்டில் ஒரு வயது நிரம்பாத குழந்தைகள் என்ன வீதத்தில் இறந்தார்களோ, அதே வீதத்தில் இந்த லட்சத்திலிருந்து கழிப்பார்கள். மிச்சமிருப்பவர்களுக்கு ஒரு வயதினரின் இறப்பு வீதம், அப்புறம் இரண்டு வயதினருடையது என்று நூறு வயது வரை போகும். கடைசியில் அத்தனை பேரும் வாழ்ந்த ஆண்டுகளைக் கூட்டி லட்சத்தால் வகுத்தால் சராசரி ஆயுள். இதற்குப் பெயர் ஆயுள் அட்டவணை. ஆக, 2021ஆம் ஆண்டின் எண், அந்தப் பெருந்தொற்று ஆண்டு வாழ்நாள் முழுக்கத் திரும்பத் திரும்ப வருவதாகப் பாவித்துப் போட்ட கணக்கு. 1918இல் விஷக் காய்ச்சல் பரவியபோது அமெரிக்காவின் சராசரி ஆயுள் ஒரே ஆண்டில் ஏறக்குறைய 12 ஆண்டுகள் சரிந்து 39க்கு வந்தது. அடுத்த ஆண்டே 50ஐத் தாண்டிவிட்டது.

இன்னொன்றும் உண்டு. 78.4 என்பது பிறப்பிலிருந்து எண்ணுவது. 2023 கணக்கில் 65 வயதை எட்டியவருக்கு இன்னும் 19.5 ஆண்டுகள் இருந்தன, அதாவது 84.5 வரை. இளம் வயது ஆபத்துகளை எல்லாம் அவர் ஏற்கெனவே கடந்துவிட்டார் அல்லவா?

சரி, எந்த மரணம் இந்த எண்ணை அதிகம் இழுக்கிறது? அந்த ஒரு லட்சம் பேரில், 78 வயது வரை வாழவிருந்த 1,000 பேர் 76 வயதில் இறந்தால், போவது 2,000 ஆண்டுகள். லட்சத்தால் வகுத்தால் 0.02, சுமார் ஒரு வாரம். அதே 1,000 பேர் 30 வயதில் இறந்தால் போவது 48,000 ஆண்டுகள். சராசரி கிட்டத்தட்ட அரை ஆண்டு குறைந்துவிடும். இறந்தவர்களின் எண்ணிக்கை ஒன்றுதான், ஆனால் பாதிப்பு 24 மடங்கு.

எதனால் அதிகம் பேர் இறந்தார்கள் என்று காட்டும் மரணக் காரணங்களின் வரிசையோ வயதையே பார்ப்பதில்லை. இறப்புச் சான்றிதழில் மருத்துவர் காரணங்களைச் சங்கிலியாக எழுதுகிறார். மேல் வரியில் மூச்சுச் செயலிழப்பு, அதற்குக் காரணமாக அடுத்த வரியில் நிமோனியா, அதற்கும் கீழே கோவிட். எல்லாவற்றையும் தொடங்கி வைத்த அந்த அடிப்படைக் காரணம்தான் பட்டியலுக்குப் போகிறது. ஒரு மரணத்துக்கு ஒரே காரணம். ஒருவருக்கு நீரிழிவும் இருந்து அது தனியாக எழுதப்பட்டிருந்தாலும், இந்த வரிசையில் அது எண்ணப்படாது.

இப்படி எண்ணினால் அமெரிக்காவில் 2023இல் முதலிடம் இதய நோய், அடுத்தது புற்றுநோய். பத்து மரணங்களில் நான்கு இந்த இரண்டால்தான். 2020, 2021 இரண்டிலும் மூன்றாவதாக இருந்த கோவிட் பத்தாவது இடத்துக்கு இறங்கிவிட்டது. மூன்றாம் இடத்தில் இப்போது விபத்துகளும் தற்செயல் காயங்களும். போதைமருந்து அளவுக்கு மீறிப் போய் இறப்பவர்களில் பெரும்பாலானோர் இந்தத் தலைப்பில்தான் வருகிறார்கள். 2022இல் அப்படி இறந்தவர்கள் சுமார் 1,08,000 பேர். ஃபென்டனில் போன்ற செயற்கை ஓபியாய்டுகள்தான் (அபினைப் போல வேலை செய்யும் வலிநிவாரணிகள்) அதில் பெரும்பங்கு.

கோவிட் வருவதற்கு முன்பே அமெரிக்காவின் சராசரி ஆயுள் தேய ஆரம்பித்திருந்தது. 2014இல் 78.9 ஆக இருந்தது 2017இல் 78.6 ஆனது. அந்த ஆண்டுகள் முழுக்க இதய நோய் முதலிடத்தைவிட்டு நகரவே இல்லை. எண்ணைக் கீழே இழுத்ததில், நடுவயதைத் தாண்டாமலே போதைமருந்தால் போனவர்களுக்குப் பெரிய பங்கு. வரிசையை மட்டும் பார்க்கிறவர்களின் கண்ணில் இது படுவதே இல்லை என்பதுதான் என் வருத்தம். அதனால்தான் பொதுச் சுகாதாரத் துறையினர் 65 வயதுக்கு முன் இழந்த ஆண்டுகளைத் தனியாகக் கணக்கிடுகிறார்கள். 40 வயதில் ஒருவர் இறந்தால் 25 ஆண்டுகள் இழப்பு, 70இல் இறந்தால் பூஜ்யம். அந்தக் கணக்கில் இதய நோயும் புற்றுநோயும் பின்னுக்குப் போய்விடுகின்றன. தற்செயல் காயங்கள் முதலிடத்துக்கு வந்துவிடுகின்றன.