கூபே, கன்வர்ட்டிபிள்: தமிழில் என்ன சொல்லலாம்?

ரயிலில் முதல் வகுப்பு ஏசியில் போனவர்களுக்குக் ‘கூபே’ தெரிந்த சொல்தான்: இரண்டே படுக்கை, உள்ளே தாழ்ப்பாள். ஸ்போர்ட்ஸ் கார் கூபேயும் அதே சொல்தான். பிரெஞ்சில் அதற்கு ‘வெட்டப்பட்டது’ என்று பொருள். எதிரெதிரே இருக்கை வைத்த பெரிய குதிரை வண்டியில், பின்பக்கம் பார்த்து உட்காரும் முன் இருக்கையை எடுத்துவிட்டுப் பெட்டியைக் குறுக்கினார்கள். அந்த வண்டிதான் கூபே. ரயில்காரர்கள் பெட்டியின் கோடியில் வரும் அரை அறைக்கு அந்தப் பேரை வைத்துக்கொண்டார்கள். கார்காரர்கள் இரண்டு கதவு, சரிந்து இறங்கும் கூரை, பேருக்கு ஒரு பின் சீட் என்றிருக்கும் வண்டிக்கு வைத்தார்கள். பிரிட்டனில் ‘கூபே’, அமெரிக்காவில் ‘கூப்’.

கூரை மடங்கும் காரை அமெரிக்கர்கள் கன்வர்ட்டிபிள் என்கிறார்கள், ஐரோப்பாவில் கேப்ரியோலே. இந்த இரண்டாவது சொல், ஆடு போலத் துள்ளுவதைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. இரண்டு சக்கரக் குதிரை வண்டி ஒன்று துள்ளித் துள்ளி ஓடியதால் அந்தப் பேர். லண்டனில் அது ‘கேப்’ என்று சுருங்கியது. ஆபீஸ் கேப் என்று இன்று நாம் கூப்பிடுவது அதைத்தான், கூரை மட்டும் மடங்காது.

நல்ல கூபே ஒன்று வந்தால் போதும், ‘இதிலேயே கன்வர்ட்டிபிளும் விடுங்கள்’ என்ற கோரிக்கை பின்னாலேயே வரும். ஆனால் கூபேயின் கூரை வெறும் மூடி இல்லை. முன்கண்ணாடித் தூண்களையும் பின்தூண்களையும் கட்டிப்பிடித்திருக்கும் உத்தரம் அது. அதை அறுத்தால், ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது உடல் முறுக்கும். முன்கண்ணாடிச் சட்டத்தின் நடுக்கம் ஸ்டியரிங் பிடித்த கைக்கே வந்துவிடும். கதவுக்குக் கீழே தடித்த இரும்பு, அடியில் குறுக்குச் சட்டம் என்று சேர்த்தால்தான் அடங்கும். எடை ஏறும். மடிந்த கூரை டிக்கியில் பாதியைத் தின்னும்.

டொயோட்டா 86-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். சுபாருவோடு சேர்ந்து செய்து 2012-இல் விற்பனைக்கு வந்த கார். எடை 1,200 கிலோவைச் சற்றே தாண்டும், 200 குதிரைத்திறன். அதன் சுகமே எடைக்குறைவில்தான் இருக்கிறது. 2013 ஜெனீவா கண்காட்சியில் அதன் கூரை திறக்கும் மாதிரியை வைத்தார்கள். அது விற்பனைக்கு வரவே இல்லை. வராததே நல்லது என்பேன். திறந்த கார்தான் வேண்டுமென்றால் முதலிலிருந்தே அதற்கென்று வடிவமைக்க வேண்டும். 1989-இல் மஸ்டா எம்எக்ஸ்-5 அப்படித்தான் வந்தது. போர்ஷே 1996-இல் பாக்ஸ்டரைத் திறந்த காராகவே விட்டது. அதற்குக் கூரை போட்ட கேமன் 2005-இல்தான். கூரையைச் சேர்த்தால் உடல் தானாக இறுகும், அந்தத் திசையில் வேலை சுலபம்.

சரி, தமிழில்? கூபேயை ‘வெட்டுக் கார்’ என்றால் யாருக்கும் புரியாது. ‘இருகதவுக் கார்’ எனலாம் என்றால், 2004-இல் மெர்சிடிஸ் நான்கு கதவு சிஎல்எஸ்ஸையும் கூபே என்று விற்றுக் கெடுத்துவிட்டது. ‘தாழ்கூரைக் கார்’ இரண்டுக்கும் பொருந்தும். கன்வர்ட்டிபிளுக்குப் பேச்சில் இருப்பது ‘ஓப்பன் டாப்’. மாட்டுவண்டிக்காரர்களிடம் இதற்கெல்லாம் எப்போதோ சொல் இருந்தது: மேலே மூடியிருந்தால் கூண்டு வண்டி, இல்லாவிட்டால் மொட்டை வண்டி. கன்வர்ட்டிபிள் இரண்டுமாக மாறும் என்பதால் ‘கூண்டு மடக்கும் கார்’ எனலாம். எழுத்தில் ‘மடக்குக்கூரைக் கார்’ இன்னும் பொருந்தும். துணிக்குப் பதில் உலோகக் கூரையே மடங்கிப் பின்னால் போகும் வகையை பியூஜோ 1930-களிலேயே விற்றது. அதற்கும் இதே சொல் போதும்.